எந்த இறப்பு வீதத்தைக் கொண்டு முடிவெடுப்பது?

இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் நடத்தும் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி, கேரளத்தில் ஆயிரம் பேருக்கு 7.0 பேரும் பீகாரில் ஆயிரம் பேருக்கு 5.4 பேரும் அந்த ஆண்டில் இறந்தார்கள். தமிழ்நாட்டுக்கு அதே எண் 6.1, இந்தியா முழுமைக்கும் 6.0. இந்த ஒரு வரிசையை மட்டும் பார்த்து நலவாழ்வு நிதியைப் பங்கிடச் சொன்னால், பீகாரைவிடக் கேரளத்துக்கே கூடுதல் மருத்துவமனைகள் தேவை என்ற முடிவுக்கு வர நேரும். ஆனால் அதே ஆண்டின் அதே கணக்கில், உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையும் முன் இறந்தவை கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, பீகாரில் 27. இரண்டும் இறப்பு வீதங்களே. ஒரே அலுவலகம் ஒரே முறையில் திரட்டியவை. ஆயினும் ஒன்று காட்டும் வரிசையை மற்றொன்று தலைகீழாக்குகிறது.

மாவட்ட நலவாழ்வுத் திட்டம் வகுப்பவர், சட்டப்பேரவையில் கேள்வி எழுப்புபவர், செய்தியாளர், ஆய்வேட்டுக்குத் தரவு தேடும் மாணவர் என எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கல் வந்துசேர்கிறது. கையில் கிடைத்த முதல் எண்ணை எடுத்துக்கொள்வதா, அல்லது கேள்விக்குப் பொருந்தும் எண்ணைத் தேடிப் போவதா என்பது சிறிய விஷயம் அன்று. படுக்கைகளும் மருத்துவர்களும் மருந்துகளும் எங்கே போக வேண்டும் என்பதை இந்த எண்களே தீர்மானிக்கின்றன. தவறான எண் தவறான ஊருக்குப் பணத்தை அனுப்பும்.

இறப்பு வீதம் என்பது, வரையறுத்த ஒரு மக்கள்தொகையில் வரையறுத்த ஒரு காலத்தில் நிகழ்ந்த இறப்புகளை, அக்காலத்தில் அந்த இறப்புக்கு ஆளாகக்கூடியவர்களாக இருந்தோரின் எண்ணிக்கையால் வகுத்து, ஆயிரம் பேருக்கு அல்லது லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்வதாகும். மேலே உள்ள எண் இறப்புகள், கீழே உள்ள எண் மக்கள், இவற்றோடு காலம். பெரும்பாலான தவறுகள் கீழ் எண்ணில்தான் நிகழ்கின்றன, ஏனெனில் மேல் எண்ணை எல்லோரும் கேட்கிறார்கள், கீழ் எண் யாரைக் குறிக்கிறது என்று கேட்பவர் குறைவு. கீழ் எண்ணே இல்லாமல் பேசும் வழக்கமும் நம்மிடம் உண்டு. 2022இல் சாலை விபத்துகளில் உத்தரப் பிரதேசத்தில் 22,595 பேரும் தமிழ்நாட்டில் 17,884 பேரும் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்டபோது, தமிழ்நாடு இரண்டாம் இடம் என்ற செய்தியே பரவியது. உத்தரப் பிரதேசத்தின் மக்கள்தொகை நம்முடையதைப் போல மூன்று மடங்கு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், லட்சம் பேருக்கான சாலை இறப்பு தமிழ்நாட்டில் அங்குள்ளதைவிட இரு மடங்குக்கும் மேல் என்ற கசப்பான உண்மை தெரியவரும்.

கச்சா வீதமும் தரப்படுத்திய வீதமும்

ஓர் ஆண்டின் மொத்த இறப்புகளை அவ்வாண்டின் நடுப்பகுதி மக்கள்தொகையால் வகுத்தால் கிடைப்பது கச்சா இறப்பு வீதம். மேலே சொன்ன 7.0, 5.4 ஆகியவை இவ்வகை. எளிதில் கிடைக்கிறது, எல்லா ஊருக்கும் கிடைக்கிறது, ஆண்டுதோறும் கிடைக்கிறது என்பதே இதன் பலம். ஓர் ஊருக்கு எத்தனை மயானங்கள் வேண்டும், எத்தனை இறப்புச் சான்றிதழ்கள் வழங்க ஆள் வேண்டும், மக்கள்தொகை அடுத்த ஐந்தாண்டில் எவ்வளவு கூடும் என்ற கேள்விகளுக்கு இதுவே சரியான எண். வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

இரண்டு இடங்களின் உடல்நலத்தை ஒப்பிட இதைப் பயன்படுத்தும்போதுதான் இது ஏமாற்றுகிறது. முதியவர்கள் மிகுந்த இடத்தில் இறப்புகளும் மிகும் என்பதே காரணம். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி கேரள மக்களில் 16.5 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள், தமிழ்நாட்டில் 13.6, பீகாரில் 7.7. உலக நாடுகளை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். மக்கள் சராசரியாக ஏறத்தாழ 84 ஆண்டுகள் வாழும் ஜப்பானில் 2022இல் கச்சா இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 12.9. வேலைக்குச் சென்ற இளம் ஆண்கள் நிறைந்த கத்தாரில் அது 2க்கும் குறைவு. கத்தார் ஜப்பானைவிட ஆறு மடங்கு நலமான நாடு என்று எவரும் சொல்ல மாட்டார்கள். நம் ஊர்களிலிருந்து அங்கே போகும் தொழிலாளர்கள் முதுமை எய்தும் முன்னரே திரும்பிவிடுகிறார்கள், அவர்களுடைய இறப்புகள் நம் ஊர்க் கணக்கில் சேர்கின்றன.

வயதின் குறுக்கீட்டை நீக்கும் முறை, கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் தெளிவாகும் என்பதால் ஒரு கற்பனை எடுத்துக்காட்டைத் தருகிறேன். லட்சம் பேர் வீதம் வாழும் இரண்டு நகரங்கள் இருக்கட்டும். முதல் நகரத்தில் அறுபதுக்கு உட்பட்டோர் 92,000, அறுபதைக் கடந்தோர் 8,000. முதல் பிரிவில் ஆயிரத்துக்கு 3 பேரும் இரண்டாம் பிரிவில் ஆயிரத்துக்கு 45 பேரும் இறக்கிறார்கள். ஆக 276 பேரும் 360 பேரும், மொத்தம் 636 பேர், கச்சா வீதம் 6.36. இரண்டாம் நகரத்தில் அறுபதுக்கு உட்பட்டோர் 83,000, கடந்தோர் 17,000. அங்கே இளையோரில் ஆயிரத்துக்கு 2 பேரும் முதியோரில் ஆயிரத்துக்கு 36 பேருமே இறக்கிறார்கள். ஆக 166 பேரும் 612 பேரும், மொத்தம் 778 பேர், கச்சா வீதம் 7.78. ஒவ்வொரு வயதிலும் இரண்டாம் நகரத்தில்தான் இறப்பு குறைவு, ஆயினும் கச்சா வீதம் அதையே மோசமான நகரமாகக் காட்டுகிறது.

இப்போது இரண்டு நகரங்களிலும் அறுபதுக்கு உட்பட்டோர் 90,000, கடந்தோர் 10,000 என்று ஒரே வயதமைப்பு இருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம். முதல் நகரத்துக்கு 270உம் 450உம் சேர்ந்து 720, அதாவது ஆயிரத்துக்கு 7.2. இரண்டாம் நகரத்துக்கு 180உம் 360உம் சேர்ந்து 540, ஆயிரத்துக்கு 5.4. இதுவே தரப்படுத்திய இறப்பு வீதம். நடைமுறையில் இரண்டு வயதுப் பிரிவுகளுக்குப் பதிலாக ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, உலக சுகாதார நிறுவனம் வகுத்த பொது மக்கள்தொகையைப் போன்ற ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்வார்கள். அடையாறு புற்றுநோய் நிலையத்தின் பதிவேடு உட்பட இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகள் எல்லாம் வயது சீரமைத்த வீதங்களை வெளியிடுவது இதற்காகவே. சென்னையையும் மிசோரத்தின் ஐஸ்வாலையும் வேறு எவ்வகையில் ஒப்பிட்டாலும் அது புற்றுநோயை ஒப்பிடுவதாகாது, வயதை ஒப்பிடுவதாகிவிடும்.

தரப்படுத்திய வீதத்துக்கும் குறைகள் உண்டு. 7.2 என்பது அந்த நகரத்தில் உண்மையில் நிகழ்ந்தது அன்று. அளவுகோலாக எடுத்த வயதமைப்பில் முதியோர் 20 விழுக்காடாக இருந்திருந்தால், அதே நகரங்கள் 11.4 என்றும் 8.8 என்றும் வந்திருக்கும். ஆகவே இவ்வெண்ணை அதே அளவுகோலில் கணக்கிட்ட இன்னோர் எண்ணோடு வைத்துப் பார்க்கும்போதுதான் பொருள் இருக்கிறது. தனியாக எடுத்து மேடையில் சொல்வதற்கு உரியதன்று. மேலும் வயதுவாரியாக இறப்பும் மக்கள்தொகையும் தெரிந்தால்தான் இதைக் கணக்கிட முடியும். ஒரு வட்டத்திலோ ஒன்றியத்திலோ வயதுப் பிரிவுக்கு இரண்டு மூன்று இறப்புகளே இருக்கும்போது அந்த வீதங்கள் நிலையாக நிற்பதில்லை.

அத்தகைய சிறிய இடங்களுக்கு மறுவழி ஒன்று உண்டு. மாநிலத்தின் வயதுவாரி வீதங்களே இந்த வட்டத்திலும் நிலவினால் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டு, உண்மையில் இறந்தோரை அதனால் வகுத்து நூறால் பெருக்குவார்கள். எதிர்பார்த்தது 50, இறந்தது 60 என்றால் விடை 120. மாநிலத்தைவிட 20 விழுக்காடு கூடுதல் என்று உடனே அறிக்கை எழுதிவிடக் கூடாது. 60 என்ற எண்ணிக்கையில் தற்செயலாக வரக்கூடிய ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால் அந்த 120 என்பது ஏறக்குறைய 92 முதல் 154 வரை எதுவாகவும் இருக்கலாம். நூறுக்குக் கீழேயும் போகக்கூடிய எண்ணை வைத்து ஒரு வட்டத்தைக் குற்றம் சொல்வது நியாயமில்லை.

மாநிலங்களை ஒப்பிடுவதற்கு எனக்கு இவை எல்லாவற்றையும்விட உகந்ததாகத் தோன்றுவது பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பு, அதாவது இன்றைய வயதுவாரி இறப்பு வீதங்களே நீடித்தால் இன்று பிறக்கும் குழந்தை சராசரியாக வாழக்கூடிய ஆண்டுகள். அது வயதுவாரி வீதங்களிலிருந்தே பிறக்கிறது, ஊரில் முதியோர் எத்தனை பேர் என்பதால் மாறுவதில்லை, வெளியிலிருந்து ஓர் அளவுகோலும் தேவையில்லை. 2016–20 காலத்துக்கு இந்தியாவின் எண் 70.0 ஆண்டுகள். பெரும்பாலோர் எழுபதில் இறக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது பிழை. குழந்தைப் பருவ இறப்புகள் சராசரியைக் கீழே இழுக்கின்றன, அறுபதைத் தாண்டியவருக்கு எழுபதுக்கு அப்பாலும் பல ஆண்டுகள் மீதமிருக்கின்றன. ஆனால் மாவட்ட அளவில் இது வழக்கமாக வெளியாவதில்லை என்பதால், மாவட்டத்தில் முடிவெடுப்பவர் வேறு எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது.

சிசு இறப்பும் பேறுகால இறப்பும்

அப்படித் தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கும் இடம் சிசு இறப்பு வீதம். உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்தவை எத்தனை என்பதால், ஊரின் வயதமைப்பு இதைத் தீண்டுவதில்லை. குடிநீர், தடுப்பூசி, தாயின் உணவு, பிரசவ அறை, சாலை வசதி ஆகிய அனைத்தும் இதில் பதிவாகின்றன. இந்தியாவில் இந்த எண் 1971இல் 129ஆக இருந்து 2020இல் 28ஆக இறங்கியது. ஒரு மாவட்டத்தின் பொது நலத்துக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் எடுக்கலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால், இன்றும் நான் இதையே எடுப்பேன்.

ஆனால் திட்டம் வகுக்க அந்த ஒற்றை எண் போதாது. 2020இல் ஆயிரத்துக்கு இறந்த அந்த 28 குழந்தைகளில் 20 குழந்தைகள் முதல் 28 நாட்களுக்குள் இறந்தவை. குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், தொற்று ஆகியவை இந்த நாட்களின் எமன்கள்; இவற்றுக்கு விடை பிரசவ அறையிலும் பச்சிளங்குழந்தைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவிலும் இருக்கிறது. அதற்குப் பிந்தைய மாதங்களின் இறப்புகள் வயிற்றுப்போக்கு, நிமோனியா, தடுப்பூசி விடுபடல் ஆகியவற்றோடு பெரிதும் தொடர்புடையவை. அவற்றுக்கு விடை கிராம சுகாதார செவிலியரின் வீட்டு வருகையிலும் குடிநீர்க் குழாயிலும் இருக்கிறது. எனவே நிதி எங்கே போக வேண்டும் என்ற கேள்விக்கு, சிசு இறப்பை இவ்விரண்டாகப் பிரித்துக் கேட்காமல் விடை சொல்ல முடியாது.

பேறுகால இறப்பு விகிதம் வேறொரு வகை. கர்ப்பக் காலத்திலோ, கர்ப்பம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தாலும் பேற்றாலும் அவற்றின் சிகிச்சையாலும் தாய்மார்களுக்கு நேரும் இறப்புகளை, லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இத்தனை என்று கணக்கிடுவது. 2018–20 காலத்தில் இந்தியாவுக்கு 97, தமிழ்நாட்டுக்கு 54, கேரளத்துக்கு 19, அசாமுக்கு 195. மூன்று ஆண்டுகளைச் சேர்த்து வெளியிடுவதற்குக் காரணம் இருக்கிறது: இந்த இறப்புகள், நல்ல காலமாக, அரிதானவை. மாநிலத்துக்கே மூன்றாண்டு தேவைப்படும் எண்ணை மாவட்டத்துக்கு ஓராண்டில் கேட்பது பொருந்தாது.

இதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மாவட்ட ஆய்வுக் கூட்டங்களில் இந்த எண்ணை வைத்தே அலுவலர்கள் பாராட்டும் கண்டிப்பும் பெறுகிறார்கள். ஆண்டுக்கு 20,000 பிரசவங்கள் நிகழும் ஒரு மாவட்டத்தில் விகிதம் 50 என்றால் அதன் பொருள் 10 தாய்மார்கள். உண்மை நிலை சற்றும் மாறாமலேயே, ஓராண்டில் 6 பேரும் மறு ஆண்டில் 14 பேரும் இறக்கக்கூடும். 10 பேரை எதிர்பார்க்கும் இடத்தில் 5 முதல் 16 வரை தற்செயலாகவே வரக்கூடியதுதான். அதை 30இலிருந்து 70ஆக உயர்ந்துவிட்டது என்று எழுதினால், வேலையைச் செவ்வனே செய்த மருத்துவர் தண்டிக்கப்படுவார். அடுத்த ஆண்டு இறப்பை மறைக்கும் ஆசையும் பிறக்கும். மாவட்ட அளவில் சரியான தேர்வு, விகிதத்தை ஒதுக்கிவைத்து, இறந்த ஒவ்வொரு தாயின் கதையையும் தனித்தனியே தணிக்கை செய்வது. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எப்போது புறப்பட்டார், 108 வண்டி எப்போது வந்தது, அவசரப் பேறுகாலச் சிகிச்சை தரும் சீமாங்க் மையத்தில் இரத்தம் இருந்ததா என்று தேடும் இந்த முறையைத் தமிழ்நாடு 1990களிலிருந்து வளர்த்துவந்திருக்கிறது. பத்து இறப்புகளை விகிதமாக்கினால் தெரியவருவதைவிட, அந்தப் பத்து இறப்புகளின் வழிகளைத் தொடர்ந்து சென்றால் தெரியவருவது மிக அதிகம்.

ஊராட்சி அளவில் சிசு இறப்பு வீதத்துக்கும் இதே நிலைதான். ஆண்டுக்கு 60 குழந்தைகள் பிறக்கும் ஊராட்சியில் ஒரு குழந்தை இறந்தால் வீதம் 16.7, இறக்காவிட்டால் சுழி. இரண்டுக்கும் இடையே எந்த எண்ணும் வர வழியில்லை.

நோய் எவ்வளவு கொடியது, ஊருக்கு எவ்வளவு சுமை

ஒரு நோயைப் பற்றிய இறப்பு எண்களில் இரண்டு எப்போதும் குழம்புகின்றன. நோய் கண்டவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது நோயாளர் இறப்பு விகிதம். ஊரில் உள்ள எல்லோரிலும் எத்தனை பேர் அந்த நோயால் இறந்தார்கள் என்பது அந்நோயின் இறப்பு வீதம். செய்திகளில் இரண்டுக்கும் ஒரே பெயர் வழங்குவதால் குழப்பம் நீடிக்கிறது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை; நோயாளர் இறப்பு விகிதம் நூற்றை ஒட்டியது. ஆனால் ஒரு மாவட்டத்தின் மொத்த இறப்பில் அதன் பங்கு மிகச் சிறிது. மாரடைப்பு வந்தவர்களில் பலர் பிழைக்கிறார்கள், ஆயினும் ஊரின் இறப்புப் பட்டியலில் இதயநோய் முன்னணியில் நிற்கிறது. கடிபட்டவர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா என்ற முடிவுக்கு முதல் எண் வேண்டும், தயக்கத்துக்கு இடமேயில்லை. மாவட்டத்தின் படுக்கைகளை எந்த நோய்க்கு ஒதுக்குவது என்ற முடிவுக்கு இரண்டாம் எண் வேண்டும்.

நோயாளர் இறப்பு விகிதத்தின் கீழ் எண் கண்டறியப்பட்டவர்கள் மட்டுமே என்பதைக் கொரோனாக் காலம் நமக்குக் கற்பித்தது. 2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநர், உலக அளவில் பதிவான நோயாளிகளில் சுமார் 3.4 விழுக்காட்டினர் இறந்திருப்பதாகக் கூறினார். அது உண்மையான கூற்று. ஆனால் தொற்றியவர்களில் நூற்றுக்கு மூவர் இறப்பார்கள் என்று உலகம் அதைப் புரிந்துகொண்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரித் தொடக்கத்திலும் நடத்திய மூன்றாவது இரத்தப் பரிசோதனை ஆய்வில், வயது வந்தோரில் 21.4 விழுக்காட்டினருக்கு அதற்குள் தொற்று வந்துபோயிருந்தது தெரியவந்தது. அப்போது நாட்டில் பதிவாகியிருந்த நோயாளிகள் சுமார் 1 கோடி மட்டுமே. ஒருவர் கணக்கில் வந்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் கணக்குக்கு வெளியே இருந்தார்கள் என்பது இதன் பொருள்.

இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒரு பிழை உண்டு. நோய் வேகமாகப் பரவும் வாரங்களில், இன்று கண்டறியப்பட்டவர்களில் இறக்கப்போகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் கழித்தே இறக்கிறார்கள். அவர்கள் இன்றைய கீழ் எண்ணில் இருக்கிறார்கள், இன்றைய மேல் எண்ணில் இல்லை. ஆகவே விகிதம் குறைவாகத் தோன்றும். இறப்புகளே முழுமையாகப் பதிவாகாவிட்டால் இன்னும் குறையும். எந்தப் பிழை எவ்வளவு என்று தெரியாத நிலையில், இரண்டு மாநிலங்களின் நோயாளர் இறப்பு விகிதத்தை ஒப்பிட்டு ஒன்றின் மருத்துவம் சிறந்தது என்று சொன்ன அறிக்கைகள், பெரும்பாலும் இரண்டின் பரிசோதனை அளவையே ஒப்பிட்டுக்கொண்டிருந்தன.

மருத்துவமனைகளை ஒப்பிடும்போது

எந்த மருத்துவமனைக்குப் போவது என்று குடும்பங்கள் கேட்கும் கேள்விக்கு இறப்பு வீதம் விடை தருமா என்பது பழைய சர்ச்சை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1863இல் வெளியிட்ட மருத்துவமனைகள் குறித்த நூலின் மூன்றாம் பதிப்பில், புள்ளியியலாளர் வில்லியம் ஃபார் திரட்டிய அட்டவணை ஒன்று இடம்பெற்றது. லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு 90.84 விழுக்காடு என்று அது காட்டியது. 1861 ஏப்ரலில் ஒரு நாளில் அங்கே படுத்திருந்தவர்கள் 4,214 பேர்; அந்த ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் 3,828 பேர்; ஒன்றை மற்றொன்றால் வகுத்திருந்தார்கள். ஒரு படுக்கையில் ஆண்டு முழுவதும் பலர் மாறி மாறிப் படுத்திருந்ததால், உள்ளே போனவர்களில் பத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள் என்பது இதன் பொருள் அன்று. ஒரு படுக்கைக்கு ஓராண்டில் பத்து நோயாளிகள் என்று வைத்துக்கொண்டால் நூற்றுக்கு ஒன்பது பேர்தான் ஆகிறது. மருத்துவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நெரிசல் மிகுந்த நகர மருத்துவமனைகளின் தூய்மைக்கேட்டை அம்பலப்படுத்த வேண்டும் என்ற நைட்டிங்கேலின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அந்த எண் அதற்குப் பயன்படாமல், எண்ணைப் பற்றிய சண்டையாக முடிந்தது.

இன்று கீழ் எண்ணைச் சரியாகப் போட்டாலும் இரண்டு சிக்கல்கள் மீதமிருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, மற்ற இடங்களில் கைவிடப்பட்டவர்கள் கடைசி நிலையில் வருகிறார்கள். அங்கே இறப்பு மிகுதி என்பது அந்த மருத்துவமனையின் குறையைவிட, அது யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பதையே அதிகம் காட்டுகிறது. மறுபுறம், இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அப்படிப் போனவர் வழியிலோ வீட்டிலோ இறந்தால், அனுப்பிய மருத்துவமனையின் ஏட்டில் அது இறப்பாகப் பதிவாகாது. ஆகவே மருத்துவமனை ஒப்பீட்டுக்கு, சேரும்போது நோயின் கடுமை என்ன என்பதைக் கணக்கில் கொண்டு, சேர்ந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் எங்கே இறந்தாலும் எண்ணும் வீதம் ஒன்றே ஏற்கத்தக்கது. அது கிடைக்காத இடத்தில், இறப்பு வீதத்தை வைத்து மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே யாருக்கும் சொல்வேன்.

கூடுதல் இறப்பு

பேரிடரிலும் கொள்ளைநோயிலும், காரணம் எழுதிய சான்றிதழ்களை நம்பி இறப்புகளை எண்ணினால் பெரும்பகுதி விடுபட்டுப்போகும். 2020இல் இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 விழுக்காடு மட்டுமே. இத்தகைய நிலையில் பயன்படுவது கூடுதல் இறப்புக் கணக்கு: வழக்கமான ஆண்டுகளில் இதே மாதங்களில் எத்தனை பேர் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டு, உண்மையில் இறந்த மொத்தத்திலிருந்து அதைக் கழிப்பது. யார் எதனால் இறந்தார் என்ற கேள்வியையே இது எழுப்புவதில்லை. 2017இல் மரியா புயல் தாக்கிய போர்ட்டோ ரிக்கோவில் அரசு முதலில் ஒப்புக்கொண்ட இறப்புகள் 64. மின்சாரமும் மருந்தும் இல்லாமல் பின்வந்த மாதங்களில் இறந்தவர்களையும் இம்முறையில் கணக்கிட்ட பிறகு, 2018இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட எண் 2,975.

கொரோனாவில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு உலகக் கூடுதல் இறப்பு 1.49 கோடி என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் மதிப்பிட்டது. அதில் இந்தியாவுக்கு 47 லட்சம். அதே இரண்டு ஆண்டுகளுக்கு அரசின் கொரோனா இறப்புக் கணக்கு சுமார் 4.8 லட்சமே. கணித மாதிரியைக் கொண்டு போட்ட இந்த மதிப்பீட்டை ஏற்க முடியாது என்று இந்திய அரசு மறுத்தது. மறுப்பில் ஒரு நியாயம் உண்டு: வழக்கமான இறப்பு எவ்வளவு என்ற அடிப்படையைச் சற்று மாற்றினாலும் விடை லட்சக்கணக்கில் மாறும், இறப்புப் பதிவே ஆண்டுதோறும் மேம்பட்டுவந்ததால், பதிவு கூடியதையும் இறப்பு கூடியதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆனால் குடிமைப் பதிவின் சொந்த எண்களே பேசுகின்றன. நாட்டில் பதிவான இறப்புகள் 2019இல் 76.4 லட்சம், 2020இல் 81.2 லட்சம், 2021இல் 1.02 கோடி. ஒரே ஆண்டில் 21 லட்சம் கூடியதற்குப் பதிவின் மேம்பாட்டை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இதன் சிறு வடிவத்தை முன்னரே கண்டோம். சென்னையின் இறப்புப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 இறப்புகளை மாநில அரசு கொரோனாக் கணக்கில் சேர்த்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்து எண்ணைத் திருத்திக்கொண்டது பாராட்டத்தக்க செயல். எல்லா மாவட்டங்களிலும் அது வழக்கமாக வேண்டும். வெப்ப அலை வீசும் மே மாதங்களிலும், பெருமழை வெள்ளத்துக்குப் பிந்தைய வாரங்களிலும், மாவட்ட நிர்வாகம் சென்ற ஐந்து ஆண்டுகளின் அதே வார இறப்புப் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டால், வெயிலால் இறந்தார் என்று எவரும் எழுதாத இறப்புகளும் புலப்படும். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.

பதிவான இடமும் வாழ்ந்த இடமும்

மேலே சொன்ன எதைத் தேர்ந்தெடுத்தாலும், மாவட்டத்தில் வேலை செய்பவர் கடைசியில் ஒரு தடையைச் சந்திப்பார். 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பு நிகழ்ந்த இடத்திலேயே அதைப் பதிவு செய்கிறோம். கடலூரிலும் விழுப்புரத்திலும் வாழ்ந்தவர் ஜிப்மரில் இறந்தால் அது புதுச்சேரியின் பதிவு. திருவண்ணாமலைக்காரர் வேலூரில் இறந்தால் அது வேலூரின் பதிவு. பெரிய மருத்துவமனை உள்ள மாவட்டத்தின் இறப்பு வீதம் இதனால் ஊதிப்போகிறது, இல்லாத மாவட்டத்தின் வீதம் மெலிந்து போகிறது. சரியான சிகிச்சை வசதி இல்லாத மாவட்டமே நலமான மாவட்டமாகக் காட்சி தரும் விபரீதம் நேர்கிறது. மாதிரிப் பதிவுத் திட்டம் வழக்கமாக வசிக்கும் இடத்தை வைத்து எண்ணுவதால் இந்தக் குறை அதில் இல்லை, ஆனால் அதன் மாதிரி அளவு மாநில எண்களுக்கே போதுமானது. கீழ் எண்ணிலும் ஒரு தளர்வு இருக்கிறது: 2011க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்து முடியாததால், இன்று நாம் வகுக்கும் எண்கள் எல்லாம் முன்கணிப்புகளே. 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பு முடியும் வரை, மாவட்ட வீதங்களில் ஒரு தசம இடத்துக்கு மேல் எழுதுவது பொருளற்றது.

ஆகவே ஒரு மாவட்டத்துக்காக இந்த ஆண்டே முடிவெடுக்க வேண்டியவருக்கு என் பரிந்துரை இது: கச்சா வீதத்தை மயானத்துக்கும் மக்கள்தொகைக் கணிப்புக்கும் விட்டுவிட்டு, சிசு இறப்பை 28 நாட்களுக்கு முன்னும் பின்னும் என்று பிரித்து, மூன்று ஆண்டுகளைச் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள், பேறுகால இறப்பைத் தணிக்கை அறிக்கைகளாகப் படியுங்கள், பெரியவர்களின் இறப்புக்கு வயது தரப்படுத்திய வீதத்தைக் கணக்கிடுங்கள். அதற்கு வேண்டிய தகவல் புதிதாகத் திரட்ட வேண்டியதன்று. இறந்தவரின் வயது, பால், வழக்கமாக வசித்த ஊர் ஆகியவற்றை இறப்பு அறிக்கைப் படிவம் ஏற்கெனவே கேட்கிறது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிப் பதிவாளர்களிடமிருந்தும் பக்கத்து மாவட்ட மருத்துவமனைப் பதிவாளர்களிடமிருந்தும், அந்த மூன்று விவரங்களின்படி பிரித்த பட்டியலை எழுத்து மூலம் கேட்டுப் பெறுவதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.